சாய அறைக் கணினி

கோலாலம்பூருக்கு வெளியே, தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் பல வருடம் கணினி பார்த்தேன். சம்பளச் சீட்டில் பெரிய பதவிப் பெயர் போட்டிருந்தார்கள். உண்மையில் பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவுவது, வாசல் கேமரா இருண்டுவிட்டால் ஏணி போட்டு ஏறுவது, ஆபீஸ் பெண்கள் மறந்துவிட்ட பாஸ்வேர்டை மாற்றிக் கொடுப்பது, இவைதான் என் வேலை. கிள்ளானிலிருந்து மோட்டாரில் போய்வருவேன். கண்டெய்னர் லோரிகளுக்கு இடையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்வதே அன்றைய வேலையில் பாதி. புகார் சொல்ல ஒன்றுமில்லை. பெருமையடிக்கவும் ஒன்றுமில்லை. பெருமைப்பட்டுக்கொள்ளும்படி அங்கே நான் செய்தது ஒன்றே ஒன்றுதான்.

வாளி, நாற்காலி, பாட்டில் மூடி செய்கிற கம்பெனிகளுக்கு நாங்கள் சாயமணிகள் செய்து கொடுத்தோம். பார்க்க வண்ண அரிசி மாதிரி இருக்கும். ஒரு மூட்டை வெள்ளைப் பிளாஸ்டிக்கில் இதைக் கொஞ்சம் கலந்தால் மூட்டை முழுவதும் அந்த நிறமாகிவிடும். அதற்கான தூள்களை அளந்து கொட்டும் பழைய மெஷின் ஒன்று சாய அறையில் இருந்தது. எந்தத் தூளை எவ்வளவு கொட்ட வேண்டும் என்று மெஷினுக்குச் சொன்னது அதைவிடப் பழைய கணினி. விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடியது. உலகம் அதை விட்டு எங்கேயோ போய்விட்டது. சாய அறைக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

அந்த அறையை நடத்தியது ஓர் அக்கா. ஐம்பதைத் தாண்டியவர், கணவர் இல்லை, ஒரு மகள் பினாங்கில் படித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தொழிற்சாலை திறந்த நாளிலிருந்து இருக்கிறார் என்பார்கள். அவர் முன்னங்கையில் அன்றன்றைய நிறம் ஒட்டியிருக்கும். கேண்டீனில் அவர் கையைப் பார்த்தே இன்றைக்கு என்ன ஆர்டர் என்று சொல்லிவிடலாம்.

ஒரு நாள் காலையில் அவர் எனக்கு ஃபோன் செய்தார்.

"தம்பி, கம்ப்யூட்டர் ரோசாக் ஆயிருச்சி. உள்ள காத்தாடி மட்டும் சுத்துது, ஸ்கிரீன்ல ஒண்ணும் காணோம்."

போய்த் திறந்து பார்த்தேன். மதர்போர்டில் இருந்த சின்னச் சின்ன உருளைகள் வீங்கி வெடித்து, பழுப்பாகக் கசிந்திருந்தன. அந்த வகை போர்டு இப்போது எங்கேயும் கிடைக்காது. எல்லாம் பதிந்திருந்த வட்டு மட்டும் உயிரோடு இருந்தது. மெஷினைச் செய்த ஐரோப்பியக் கம்பெனிக்கு எழுதினோம். அந்தக் கம்பெனி எப்போதோ இன்னொரு கம்பெனிக்குள் கரைந்துபோயிருந்தது. மெஷினையே மாற்றிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

எங்கள் மேலாளர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழர். அப்பா காலத்திலிருந்து அரசாங்க வேலை பார்த்த குடும்பம். இவர் ஒருவர்தான் தனியாரில் வந்து மாட்டிக்கொண்டதாகச் சொல்லிக்கொள்வார். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. அன்று என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"புது மெஷின் கேட்டா ஹெட் ஆபீஸ் வாங்கித் தராது. புரொடக்ஷன் லைனையே மூடச் சொல்லுவாங்க. நீங்க ஏதாவது செய்ய ஏலுமா?"

செய்து பார்க்கிறேன் என்றேன். வட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நான் நினைத்தது இதுதான். ஒரு புதிய கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுவதற்கென்று மென்பொருள்கள் இருக்கின்றன. உள்ளே ஓடுவதற்குத் தான் வேறொன்றின் வயிற்றில் இருப்பது தெரியாது. தனக்கென்று வட்டும் நினைவகமும் திரையும் இருப்பதாக நம்பிக்கொண்டு அது பாட்டுக்கு வேலை செய்யும். அப்படி அந்தப் பழைய எக்ஸ்பியை, அதிலுள்ள எல்லாவற்றோடும் சேர்த்து ஒரு கோப்பாக மாற்றிவிட்டால், வெடித்துப்போன போர்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்தில் உட்கார்ந்தேன். மனைவி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆபீஸ் குப்பைய ஏங்க வீட்டுக்குள்ள கொண்டு வரீங்க? டேபிள் பூரா மஞ்சத் தூளு."

வட்டிலிருந்து எல்லாவற்றையும் நகலெடுத்து முடித்து முதல் தடவை ஓட்டியபோது நீலத் திரை வந்து நின்றது. மறுபடி ஓட்டினேன், மறுபடி நீலம். பழைய எக்ஸ்பிக்குத் தெரிந்த வட்டு ஒரு வகை. மென்பொருள் அதற்கு முன்னால் நீட்டியது வேறு வகை. தன் வட்டையே அடையாளம் தெரியாமல் அது விழுந்துகொண்டிருந்தது. அமைப்பில் போய் வட்டைப் பழைய வகைக்கு மாற்றிவிட்டு மறுபடி முயன்றேன். திரை கொஞ்ச நேரம் கறுப்பாக இருந்தது. பிறகு அந்தப் பழைய தொடக்க இசை வந்தது. சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, இந்தச் சத்தத்த கேட்டு எவ்வளவு நாளாச்சு! நான் காலேஜ்ல கேட்டது."

திரை முழுவதும் பத்துமலை முருகன் எழுந்து நின்றார். அக்காவின் மகள் ஏதோ ஒரு தைப்பூசத்தில் எடுத்த படம். சிலை முழுதாக வர வேண்டும் என்று தள்ளிப் பிடித்ததில் அம்மா ஓரத்தில் வெட்டுப்பட்டுவிட்டார். மஞ்சள் புடவை போட்ட ஒரு தோளும் பாதி ஜடையும் மட்டும் மூலையில் இருந்தன. படத்தின் மேல் அளவை மென்பொருளின் குறி, சீட்டு விளையாட்டின் குறி, பழைய பாட்டுகள் வைத்த ஃபோல்டர். எல்லாம் அவர் வைத்த இடத்திலேயே இருந்தன. நான் கைதட்டிவிட்டேன். மனைவி சிரித்தாள்.

திங்கட்கிழமை புதிய கணினி ஒன்றைச் சாய அறையில் வைத்து அதற்குள் பழையதை ஓட்டினேன். மெஷினில் தூளை நிறுக்கும் தராசு பேச மறுத்தது. மெஷினிலிருந்து வரும் பழைய வகைக் கம்பிக்குப் புதிய கணினியில் வாயே இல்லை. கோலாலம்பூரில் ஒரு கடையில் வாங்கிய இணைப்பியைப் போட்டிருந்தேன். அது தன்னை ஐந்தாவது வாய் என்று சொல்லிக்கொண்டது. பழைய மென்பொருளுக்கு இரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. எண்ணை மாற்றினேன். தராசின் எடை திரையில் துடித்துக்கொண்டு வந்தது.

அக்கா பச்சைக்கு ஆர்டர் போட்டார். மெஷின் முனகிவிட்டுத் தூள்களைக் கொட்டியது. கலந்து, உருக்கி, ஒரு சின்ன வில்லையாக அழுத்தி, பழைய வில்லையோடு சேர்த்து விளக்கின் கீழே பிடித்தார். சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"அதேதான்லா தம்பி."

பிறகு அந்தப் புதிய கணினியைச் சந்தேகமாகப் பார்த்தார். பழைய பெட்டியில் பாதிகூட இல்லை அது.

"அப்ப பழைய கம்ப்யூட்டரு எங்க?"

"இதுக்குள்ளதான்க்கா இருக்கு."

"இந்தச் சின்ன டப்பாக்குள்ளயா?"

"ஒரு ஃபைலா இருக்கு. லெட்டர் அடிச்சு சேவ் பண்ற மாதிரி, முழுக் கம்ப்யூட்டரையும் சேவ் பண்ணி வச்சிருக்கேன்."

"நான் போட்ட கலரெல்லாம்?"

"அப்படியே இருக்கு."

"சீட்டு கேமு?"

"அதுவும் இருக்கு."

மேலாளர் வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். உள்ளே வந்து என் தோளில் கை வைத்தார்.

"ஃபைல்னா, காப்பி எடுக்கலாம்தானே?"

"எடுக்கலாம் சார். எத்தனை வேணும்னாலும் எடுக்கலாம்."

"வேற இடத்தில வச்சாலும் ஓடுமா?"

"எங்க வச்சாலும் இதே மாதிரி ஓடும் சார்."

நான் அதைச் சொன்ன விதம் இன்னும் நினைவிருக்கிறது. கடைக்காரன் சாமானைத் தட்டிக் காட்டுகிற மாதிரி அந்தப் பெட்டியைத் தட்டிக் காட்டிச் சொன்னேன். அன்று மேலாளர் சாய அறைக்கு நாசி லெமாக் வரவழைத்தார். லைன் பிழைத்தது என்று எல்லோரும் சாப்பிட்டோம்.

அடுத்த வாரம் அக்கா அலறிக்கொண்டு ஃபோன் செய்தார். "தம்பி, ஓடியா, சாமி சின்னதாயிட்டாரு!" ஓடினேன். தெரியாமல் ஏதோ விசைகளைச் சேர்த்து அமுக்கியிருக்கிறார். திரை முழுக்க இருந்த பழைய கணினி ஒரு சின்னச் சதுரமாகச் சுருங்கிவிட்டது. சுற்றிலும் புதிய கணினியின் வெற்றுத் திரை. ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து பார்ப்பது மாதிரி முருகன் நின்றுகொண்டிருந்தார். அதே விசைகளை அமுக்கிப் பெரிதாக்கிக் காட்டினேன். "பயந்தே போயிட்டேன்லா," என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அந்த விசைகளின் மேல் சிவப்பு டேப் ஒட்டிவிட்டு வந்தேன்.

அக்கா போட்ட கலர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் மென்பொருளில் ஓர் அளவுப் பட்டியல் உண்டு. அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். தலைமை அலுவலகம் எண்களைத்தான் பெயராகக் கொடுத்திருந்தது. அக்காவுக்கு அந்த எண்கள் மண்டையில் ஏறவில்லை. தானே வைத்துக்கொண்டார், தமிழில், ஆங்கில எழுத்தில் அடித்து. மழை மாதங்களில் தூள் ஈரத்தை இழுத்துவிடும் என்பதால் சிவப்புக்குத் தனி அளவு ஒன்று: 'சிவப்பு மழை'. முதல் தடவையில் சரியாக வராமல் அவரை அழவைத்த மஞ்சளுக்கு 'கோவக்காரி மஞ்சள்'. இப்படித் திரை முழுக்க. தணிக்கைக்கு வந்த ஆட்கள் ஒரு தடவை இதைப் பார்த்துவிட்டு, இவர் இல்லாவிட்டால் இங்கே யாருக்கும் ஒன்றும் புரியாதே என்று மேலாளரிடம் கோபித்தார்கள். அக்கா அதைக் கேண்டீனில் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "புரியாம இருக்கட்டும்லா. அதான் நமக்கு நல்லது."

ஒரு வருடத்துக்கு மேல் நன்றாக ஓடியது. பிறகு மேலாளர் ஒரு நாள் வெளிவட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். தலைமை அலுவலகத்தில் பாதுகாப்புக்கு ஒரு நகல் கேட்கிறார்களாம். நகல் எடுக்க வேண்டும் என்று நானே பல தடவை சொல்லியிருந்தேன். மகிழ்ச்சியாகவே எடுத்துக் கொடுத்தேன். மேலாளருக்கும் அப்போது வேறு எதுவும் தெரியாது என்றுதான் இன்றும் நம்புகிறேன்.

சில மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸுக்கு வர முடியுமா என்று கேட்டார். அவர் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. கூட்டமான நேரம், பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் பிறந்தநாள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"லைன் இந்தியாவுக்குப் போகுது. சென்னைக்கு வெளியே புது பிளான்ட். அங்க இதே மாடல் மெஷின் ஒண்டு செகண்ட் ஹேண்ட்ல பிடிச்சிட்டாங்கள். உங்கட ஃபைல் அங்க போய் ஓடுது. டெஸ்ட் எல்லாம் முடிஞ்சுது."

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடைய ஃபைல் என்று அவர் சொன்னதுதான் காதில் நின்றது.

"மத்தவங்க?" என்றேன்.

"எல்லாரும்தான். வருஷக் கடைசிக்குள்ள மூடிடுவாங்கள். என்னையும் சேர்த்து."

அவர் மகளுக்கு அடுத்த வருடம் கல்யாணம் பேசியிருந்தார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிவிட்டு நிறுத்திக்கொண்டார். வெளியே வந்து இருவரும் வெயிலில் நின்றோம். அவர் போக வேண்டிய பக்கம் ஒன்று, நான் ரயிலுக்குப் போக வேண்டிய பக்கம் ஒன்று. இருவருமே கொஞ்ச நேரம் கிளம்பவில்லை.

கேண்டீனில் எல்லோரையும் கூட்டி அறிவித்தபோது யாரும் கத்தவில்லை. எங்களோடு வேலை பார்த்த நேப்பாளத்துப் பையன்களில் ஒருவன் மட்டும் தன் வேலை பெர்மிட்டை வேறு கம்பெனிக்கு மாற்ற முடியுமா என்று மலாயில் கேட்டான். முடியாது என்று சொன்னார்கள். அவன் உட்கார்ந்துவிட்டான். வீட்டில் மனைவி, "அன்னைக்கே நீங்க அத சரி பண்ணாம இருந்தா அன்னைக்கே மூடியிருப்பாங்க. அவ்வளவுதான வித்தியாசம்?" என்றாள். அவள் சொன்னது சரி. அது என் மனத்தில் எதையும் மாற்றவில்லை.

மூடுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. சென்னையில் இருப்பவர்களுக்கு அக்கா வீடியோவில் ஒரு நாள் உட்கார்ந்து விளக்கிக் கொடுக்க வேண்டும். நானும் கூட இருக்க வேண்டும். முதல் நாள் மாலை மோட்டார் நிறுத்தும் இடத்தில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நான் வாயே திறக்கமாட்டேன். கேட்டா தெரியல, மறந்துருச்சின்னு சொல்லப்போறேன். ஃபைல வச்சிக்கிட்டு என்ன பண்ணுவாங்க? பேரே புரியாது. ரெண்டு நாள் முட்டி மோதிட்டு, அந்தம்மாவ விடாதீங்கன்னு அவங்களே சொல்லுவாங்க. பாரேன்."

அவர் கண்ணில் நம்பிக்கை இருந்தது. நான் தலையாட்டினேன். அவர் சொன்னதில் எங்கேயோ ஓட்டை இருப்பதாகத் தோன்றியது, ஆனால் எங்கே என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் கூட்ட அறையில் பெரிய திரையில் அந்தப் பக்கம் தெரிந்தது. வெள்ளைச் சுவர், புது விளக்கு, வர்ணம் உதிர்ந்த அதே மாதிரி மெஷின். முன்னால் என் வயதில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் விபூதி.

"வணக்கம் சார். வணக்கம் மேடம். குரல் கேக்குதுங்களா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். சென்னை என்று தெரியும். ஆனாலும் வரப்போவது ஆங்கிலம் பேசுகிற ஒரு இன்ஜினியர் என்றுதான் அவர் மனத்தில் நினைத்து வைத்திருந்தார் போலிருக்கிறது. நானும் அப்படித்தான்.

அந்த மனிதர் தன் கணினித் திரையை எங்களுக்குக் காட்டினார். அதே பத்துமலை முருகன், மூலையில் அதே மஞ்சள் தோள், பாதி ஜடை. சீட்டு விளையாட்டுக் குறிகூட அதே இடத்தில். அக்கா நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"மேடம், இதுல சிவப்பு மழைன்னு ஒண்ணு இருக்கே, அது என்னங்க?"

அக்கா பேசவில்லை.

"அவங்களுக்கு ஞாபகம் இல்லையாம்," என்றேன் நான்.

அந்த மனிதர் ஒரு கணம்தான் யோசித்தார். "ஓ, மழைக்காலத்துக்குத் தனி அளவா? தூளு ஈரம் வாங்கிக்கும்ல. சரிதான், சரிதான்." மேலே படித்துக்கொண்டே போனார். சில பெயர்களுக்குத் தலையாட்டினார். ஓர் இடத்தில் சிரித்துவிட்டார். "கோவக்காரி மஞ்சள்! இவ நம்மளையும் படுத்துவா போலயே. சூப்பர் மேடம். நம்பரா இருந்தா தலையும் புரியாது வாலும் புரியாது. இது படிச்சாலே தெரியுது."

பிறகு சிவப்புக்கு ஆர்டர் போட்டார். மெஷின் முனகியது. எங்கள் மெஷினின் முனகல் மாதிரியேதான். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். அவர் ஒரு வில்லையைக் கொண்டுவந்து, நாங்கள் அனுப்பியிருந்த வில்லையோடு சேர்த்துக் கேமரா முன்னால் பிடித்தார். இரண்டுக்கும் நடுவில் கோடே தெரியவில்லை.

"முதல் தடவையே செட் ஆயிடுச்சு சார்."

அந்தப் பக்கம் கை தட்டினார்கள். அக்கா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் அந்த வில்லைகளைப் பார்த்தார். வீடியோவில் நிறம் சரியாகத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் பார்த்தார். பிறகு முதல் தடவையாகப் பேசினார்.

"தம்பி, அந்தச் சாமி படத்த எடுத்துரச் சொல்லு."

நான் சொல்வதற்குள் அந்தப் பக்கம் இருந்தவருக்கே கேட்டுவிட்டது. "ஐயையோ, வேணாம்க்கா. இருக்கட்டும். முருகன் தானா வந்து உக்காந்திருக்காரு, நாம எடுக்கலாமா? நான் முன்னாடி இருந்த கம்பெனிய மூடிட்டாங்கக்கா. ரொம்ப நாளு சும்மா இருந்தேன். இந்த வேல கிடைச்சதே அவரு புண்ணியம்தான்."

மேடம் போய் அக்கா வந்திருந்தது. அவரை வெறுக்க அக்காவால் முடியவில்லை என்று எனக்குத் தோன்றியது. வெறுக்க முடிந்திருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். "சரி, வச்சிக்குங்க," என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு நாள் என்று ஒதுக்கிய வேலை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது.

கேண்டீனில் அவர் சாப்பாட்டை வாங்கவில்லை. தே ஓ என்கிற பாலில்லாத தேநீர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் தமிழ்ல பேரு வச்சேன்," என்றார்.

கடைசி வாரத்தில் எங்கள் மெஷினை இரும்புக் கடை லோரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. கணினிகளில் இருக்கும் கம்பெனிக் கோப்புகளையெல்லாம் அழித்துவிடச் சொல்லி எனக்கு மெயில் வந்தது. சாய அறைக் கணினியில் அந்தக் கோப்பைத் தேர்ந்து அழித்தேன். இவ்வளவு பெரிய கோப்பைக் குப்பைத் தொட்டியில் வைக்க முடியாது, நிரந்தரமாக அழிக்கட்டுமா என்று கேட்டது. ஆம் என்றேன். வீட்டில் இருந்த முதல் நகலைக் கொஞ்ச நாள் வைத்திருந்தேன். ஒரு தடவை ஓட்டியும் பார்த்தேன். தராசைக் காணவில்லை என்ற எச்சரிக்கையோடு அது நின்றுகொண்டது. பிறகு மகளின் பள்ளிக்கூடப் படங்களை வைக்க இடம் போதவில்லை. அதையும் எடுத்துவிட்டேன்.

அடுத்த வருடம் கிள்ளான் கொமுட்டர் ஸ்டேஷனில் அக்காவைப் பார்த்தேன். துப்புரவு வேலை செய்யும் கம்பெனியின் டீ-சட்டை போட்டிருந்தார். முன்னங்கை சுத்தமாக இருந்தது. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டோம்.

"என்ன தம்பி, சட்டைய உள்ள விட்டிருக்க? இன்டர்வியூவா?"

"ஆமாக்கா. கேஎல்ல."

"நானும் அங்கதான் போறேன். ஆபீஸ் கிளீனிங். நல்ல குளுகுளுன்னு இருக்கும், ஒரு குத்தமும் சொல்ல முடியாது. ஆனா பாதி நாற்காலி காலி. எல்லாரும் வீட்டுல இருந்தே வேல செய்யறாங்களாம். உக்காராத நாற்காலிய தினம் தொடைக்கிறேன்." சிரித்தார். "அந்த மாடிய வேணாம்னு விடப்போறாங்களாம். அப்புறம் எங்க போடுவாங்களோ, தெரியல."

மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டேன். படிப்பை முடித்துவிட்டு ஒரு கடையில் நிற்கிறாளாம், படித்ததற்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்றார். பிறகு ஷா ஆலம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். கேஎல் சென்ட்ரல் வந்ததும் எழுப்பினேன். "வரேன்பா," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு மேலே ஏறிப் போனார்.

நேர்முகத்தில் என்னைவிட மிக இளையவர் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். என்ன சாதித்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். செத்துப்போன ஒரு கணினியை வேறொரு கணினிக்குள் ஓடவைத்து ஒரு லைனைக் காப்பாற்றினேன் என்று சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். அது எப்படி முடிந்தது என்று கேட்டுவிடுவார்களோ என்றிருந்தது. அவர்கள் கேட்கவில்லை. தங்களிடம் இப்போது சொந்தமாகக் கணினி அறையே இல்லை, எல்லாம் வெளியே எங்கேயோ வாடகைக்கு ஓடுகிறது, என்னைப் போன்ற ஆள் தேவைப்படுமா என்று பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். சொல்லவில்லை.

இப்போது கார் ஓட்டுகிறேன். ஃபோனில் அழைப்பு வரும், போய் ஏற்றிக்கொள்வேன். போன மழையில் தெலுக் பங்லிமா காராங்குக்கு ஓர் அழைப்பு. பழைய சாலை, பழைய லோரிகள். எங்கள் கட்டடத்தை இப்போது பொட்டலங்கள் சேர்த்துவைக்கும் கிடங்காக்கியிருக்கிறார்கள். சாய அறை இருந்த பக்கம் சுவரை இடித்துவிட்டு லோரி நுழைய வழி விட்டிருந்தார்கள். பின் இருக்கையில் இருந்தவன் நேப்பாளத்துக்காரன், புதியவன், மடியில் ஒரு பை. இறங்குவதற்கு முன் மலாயில் கேட்டான், இந்தப் பக்கம் எந்த ஃபேக்டரியிலாவது ஆள் எடுக்கிறார்களா என்று.

தெரியவில்லை என்றேன்.